கன்னத்தில் மிச்சம்

அந்த வார்டில் யாருக்கும் நோய் கிடையாது.

கல்லூரியின் மேல்மாடியில் நீளமான ஒரு கூடம். இரண்டு வரிசையாகக் கட்டில்கள். கட்டிலுக்குக் கட்டில் திரை. திரைகளுக்குப் பின்னால் பொம்மைகள் படுத்திருக்கும். பொத்தானை அமுக்கினால் பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்கும். மணிக்கட்டில் விரலை வைத்தால் நாடி துடிக்கும். அணைக்க மறந்துவிட்டுப் போனால், ஆளில்லாத கூடத்தில் அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஜன்னல்கள் பெரியவை. வெளியே ஒரு மரத்தின் உச்சி மட்டும் தெரியும், தரை தெரியாது. கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்தால் கட்டடம் தரையை விட்டுக் கிளம்பி எங்கோ மெதுவாக மிதந்து போகிற மாதிரி இருக்கும்.

அவனுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்வதுகூட அதிகம். மற்ற இடங்களைப் போல அது அவனிடம் எதையும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

உணவியல் படிக்கிறவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று முதல் நாளே ஒருத்தி கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. அதுவரை அவர்களுடைய உலகம் தட்டுதான். தட்டில் என்ன வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம், திரும்பி வரும்போது எவ்வளவு மிச்சம். தட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் நடப்பதெல்லாம் நர்சுகளின் பாடு. இந்த வருடம் கல்லூரி அதை மாற்றியது. உணவியல் மாணவர்களும் பி.பி. பார்க்க வேண்டும். படுத்திருப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். வாய் துடைத்துவிட வேண்டும். ஒழுங்காக விழுங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கையால் ஊட்ட வேண்டும். இவ்வளவும் தேறிய பிறகுதான் நிஜ வார்டு.

"ஆள் பத்தலைன்னா நம்ம தலையில கட்டிடுவாங்களே" என்று வகுப்பில் முணுமுணுத்தார்கள்.

நர்சிங் மாணவிகளுக்கு ஒரே கொண்டாட்டம். "தட்டு டாக்டருங்க வந்தாச்சுடி. பொம்மைங்களை எல்லாம் பத்திரமாப் பாத்துக்கோங்க."

பயம் நியாயமானதுதான். முதல் வாரமே ஒருவன் பி.பி. பட்டையை நண்பனின் கையில் கட்டி, காற்றடித்துக்கொண்டே பேச்சு சுவாரசியத்தில் நிறுத்த மறந்துவிட்டான். "டேய், விடுடா, கை எனக்கு வேணும்டா!" என்ற அலறல் கீழ்மாடி வரை கேட்டது. இன்னொருத்தி பொம்மையைப் புரட்டும்போது அதன் தலை கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டது. அவள் அதனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அவனுக்கு மட்டும் எல்லாம் வந்தது. வகுப்பில் அவன்தான் மூத்தவன். நடுவில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தவன். எல்லாருக்கும் அண்ணா. விரிப்பை நனைக்காமல் உடம்பு துடைப்பான். படுத்திருப்பவரின் முழங்காலை மடக்கி, இடுப்பில் கை கொடுத்து, மூச்சு வாங்காமல் ஒருக்களித்துப் படுக்கவைப்பான். கை தானாகவே செய்தது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தவனை இன்னொருவன் மேசைக்கடியில் காலால் உதைத்தான். அதை அவன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

ஊட்டுவது மட்டும் பாக்கி.

அதிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தான். ஒரு வகுப்பில் இருமல் என்றான். நோயாளிக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று அக்கறையாக வேறு சொன்னான். அடுத்த வகுப்பில் தண்ணீர் எடுத்து வரப் போனவன், வகுப்பு முடியும்வரை எடுத்துக்கொண்டே இருந்தான். பயிற்சி கொடுக்கிற சிஸ்டருக்கு அவன் வயதுதான் இருக்கும். கூந்தலை இழுத்து முடிந்து ஊசி குத்தியிருப்பாள், பேச்சும் ஊசிதான்.

"நழுவுறதுல நீங்க டிகிரியே வாங்கிடுவீங்க போலிருக்கு."

"நாளைக்குக் கண்டிப்பா, சிஸ்டர்."

"நாளைக்குத்தான் கடைசி. நாளைக்கும் ஸ்பூனைத் தொடலைன்னா உங்க பேரை வார்டுக்கு அனுப்ப மாட்டேன். அடுத்த வருஷப் பசங்களோட முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஏற்கெனவே ஒரு தடவை விட்டுட்டுப் போனவர் நீங்க. மறுபடியும் சேத்துப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

ஏன் விட்டுவிட்டுப் போனான் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி பேசினாள். அதற்காக அவளிடம் அவனுக்கு ஒரு மரியாதை உண்டு.

அவளுக்குத் தெரியாதது வேறு. கடைசி மாதங்களில் மனைவிக்கு அவன்தான் ஊட்டினான். வேளாவேளைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து, நீல விளிம்பு வைத்த ஒரு கிண்ணத்திலிருந்து. அவ்வளவு நேரம் அவ்வளவு அருகில் அவர்கள் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. ஆனால் அவளுடைய அந்த நாள் முகம் அவனுக்கு ஞாபகத்தில் இல்லை. கல்யாணத்தன்று பார்த்த முகம் வரும். பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிய முகம் வரும். சாப்பிட்ட முகம் வராது. கண்ணை மூடி எவ்வளவு முயன்றாலும் அந்த இடத்தில் கிண்ணம்தான் வந்து உட்காரும். எந்த நாள் கால் கிண்ணம் மிச்சம், எந்த நாள் அரைக் கிண்ணம், எந்த நாள் துடைத்த மாதிரி காலி, எல்லாம் வரும். உணவியல் படித்த கண். அது பார்க்கப் பழகியதைத்தான் பார்த்து வைத்திருந்தது.

மறுபடியும் ஒரு கிண்ணத்தையும் ஸ்பூனையும் கையில் எடுத்தால் மிச்சமிருக்கிற முகங்களையும் அது தின்றுவிடும் என்று அவனுக்குப் பயம். இதை எந்த சிஸ்டரிடம் போய்ச் சொல்வது?

*

மறுநாள் காலை சமையலறை ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. அத்தை அதில் விரலால் ஒரு கோடு இழுத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பையோடு வந்தவள். மகள் போன பிறகும் அந்தப் பை அலமாரிக்கு மேலேயே இருந்தது. போகட்டுமா என்று அவளும் கேட்கவில்லை, இருங்கள் என்று அவனும் சொல்லவில்லை. இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடமாடக் கற்றுக்கொண்டார்கள்.

"அந்தச் சட்டையவா போட்டுக்கிட்டுப் போறீங்க, மாப்பிள்ளை? அதைக் கழட்டி வெச்சா தானா நடந்து காலேஜுக்குப் போயிடும். அவ்வளவு அழுக்கு."

"மாத்திக்கிறேன் அத்தை."

"முட்டை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"உப்பு?"

"சரியா இருக்கு."

"நான் உப்பே போடலை."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். அத்தை உப்பு டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்தில் 'டக்'கென்று வைத்தாள். கோபமில்லை. வைத்தியர் சோதனை செய்து பார்த்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் சாப்பாடு சொல்லித்தரப் போற ஆளு" என்றாள் ஜன்னலைப் பார்த்து. "நல்லா வரும் ஊரு."

அவன் உப்பைத் தூவிச் சாப்பிட்டான். வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்த மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, அத்தையிடம் பலிக்காது என்று விட்டுவிட்டான்.

*

காலையில் உணவியல்காரர்கள் நோயாளிகள், மத்தியானம் நர்சிங்காரிகள் நோயாளிகள் என்று சிஸ்டர் ஏற்பாடு செய்திருந்தாள்.

"ஊட்டத் தெரியணும்னா முதல்ல ஊட்டிக்கத் தெரியணும்" என்றாள். "எல்லாரும் பக்கவாதம் வந்தவங்க. வலது கை கிடையாது. பேச்சு கிடையாது. முக்கியமா, பேச்சு கிடையாது." கடைசி வார்த்தையைப் பி.பி. பட்டைக்காரனைப் பார்த்துச் சொன்னாள்.

அவனுக்கு ஜன்னலோரக் கட்டில். ஊட்ட வந்தவளை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கூடத்தில் எது உடைந்தாலும் முதலில் அவளைத்தான் விசாரிப்பார்கள். அவன் வலது கையை உடம்போடு சேர்த்துத் துணியால் கட்டினாள். கட்டிலின் தலைமாட்டைச் சுழற்றி உயர்த்தினாள். கழுத்தைச் சுற்றித் துண்டு விரித்தாள்.

"அண்ணா, மெனு என்ன தெரியுமா? மசிச்ச உருளைக்கிழங்கு. தொட்டுக்க, மசிச்ச உருளைக்கிழங்கு. பேசக்கூடாது! பேச்சு வராது உங்களுக்கு."

பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, அவன் கண்ணுக்கு நேராகத் தன் கண் வரும்படி உட்கார்ந்தாள். விளையாட்டு அதோடு போயிற்று. ஸ்பூன் கீழிருந்து மெதுவாக வந்தது. மேலிருந்து வந்தால் நோயாளி மோவாயைத் தூக்குவார், மோவாய் தூக்கினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குப் போகும். இது அவனுக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் கட்டிலில் இருந்து பார்க்கும்போது அது பாடமாக இல்லை. ஏதோ ஒரு சின்னப் படகு கரைக்கு வருகிற மாதிரி இருந்தது.

அவன் வாங்கிக்கொண்டான். வாலு கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. அவன் தொண்டையைப் பார்த்தாள். அது ஒரு முறை ஏறி இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு உதட்டைப் பார்த்தாள். பிறகு கண்ணை. அப்புறம்தான் அடுத்த ஸ்பூன். ஏற, இறங்க. காத்திருத்தல். மறுபடியும் ஸ்பூன். மரத்தின் உச்சி ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நிழல் அவன் மேல் விரிப்பில் ஏறி இறங்கியது. பக்கத்துக் கட்டில் பொம்மையை யாரோ அணைக்க மறந்திருந்தார்கள்; அதன் மூச்சும் ஏறி இறங்கியது. கூடம் அவிழ்த்துவிட்ட படகு மாதிரி நகர்ந்தது.

தன்னை யாராவது இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று நினைத்தான். பிறகு தோன்றியது: ஸ்பூனுக்கு இந்தப் பக்கம்தான் மனைவி இருந்தாள். இப்படித்தான், தலையணையில் சாய்ந்து, கழுத்தில் துண்டோடு. இங்கிருந்து அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஸ்பூன் தெரிந்திருக்கும். ஸ்பூனுக்குப் பின்னால் அவன். குனிந்த தலை. கிண்ணத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து அடியைப் பார்க்கிற ஒரு ஆள்.

அவளுக்கு அவன் முகம் தெரிந்திருக்கும். அவனுக்குத்தான் அவள் முகம் தெரியவில்லை.

இதை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

தூக்கத்தில் கூடம் தண்ணீரின் மேல் போயிற்று. திரைகள் பாய் மாதிரி உப்பின. யாரோ அவன் கையில் பட்டை கட்டினார்கள், அவிழ்த்தார்கள். யாரோ முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். உதட்டை ஈரத் துணி துடைத்தது. "உஷ்" என்று ஒரு குரல். "பரவாயில்ல, தூங்கட்டும், இவர் மேலயே எல்லாரும் பழகிக்கோங்க" என்று இன்னொரு குரல். அது சிஸ்டர் குரல் மாதிரி இருந்தது. பேச்சில் ஊசி இல்லாததால் நிச்சயமில்லை. வெகு தூரத்தில் அவன் மனைவி யாரிடமோ சொன்னாள்: "தராசு தூங்குது." அவள் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். எதைக் கையில் எடுத்தாலும் எடை பார்க்கிறவன் என்று. குரல் மட்டும்தான். முகத்தைப் பார்க்கத் திரும்பினான். நீல விளிம்புக் கிண்ணம் இருந்தது.

விழித்தபோது கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம்.

"அண்ணா நடிப்புல பின்னிட்டாரு" என்றான் பி.பி. பட்டைக்காரன். "குறட்டை வரைக்கும் விட்டாரு. அது பக்கவாதத்துல சேருமா சிஸ்டர்?"

"உனக்கு வந்தா சொல்றேன்" என்றாள் சிஸ்டர்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். யாரோ காலுக்குக் கீழே தலையணை வைத்திருந்தார்கள். சரியான இடத்தில் வைத்திருந்தார்கள்.

*

மத்தியானம் சிஸ்டர் நர்சிங் மாணவிகளை ஜன்னலோரம் கூட்டிப் போய் அவர்கள் காதில் ஏதோ ஓதினாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாலு திரும்பி அவனைப் பார்த்து அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அது அவளுக்குப் பொருந்தவில்லை.

"ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம்" என்றாள் சிஸ்டர். "ஊட்டி முடிச்சதும் எவ்வளவு உள்ளே போச்சுன்னு என்கிட்ட சொல்லணும். அவசரம் இல்லை. நான் எங்கேயும் போகப் போறதில்லை." அவனைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

திரையை இழுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். வாலு தலையணையில் சாய்ந்து, ஒரு கையை விரிப்புக்குள் ஒளித்து, வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டாள். கிண்ணம் வெள்ளை. விளிம்பில் எதுவும் இல்லை. அதற்கே அவன் ஆறுதலாக மூச்சு விட்டான். ஆனால் ஸ்பூனை எடுத்ததும் கை அதற்குத் தெரிந்ததைச் செய்யத் தொடங்கியது. கிண்ணத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தான். கண் அளந்தது. இவ்வளவு கிழங்கு, இவ்வளவு பால், இவ்வளவு வெண்ணெய். மனதில் கூட்டல் ஓடியது.

ஒரு ஸ்பூன் ஊட்டினான். கிண்ணத்தைப் பார்த்தான். இன்னொன்று ஊட்டினான். கிண்ணத்தைப் பார்த்தான்.

திரைகளுக்கு அப்பால் ஒவ்வொரு குரலாக எழுந்தது.

"முழுக்க சாப்பிட்டாங்க சிஸ்டர்!"

"இங்கேயும் காலி சிஸ்டர்!"

"என் பேஷன்ட் இன்னும் கேக்குறாங்க சிஸ்டர்!" அது பட்டைக்காரன்.

"சரி, சரி" என்று சிஸ்டரின் குரல் எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்தது. பாராட்டுமில்லை, குறையுமில்லை.

குரல்கள் தணிந்தன. மேல்மாடி வெயில் திரையில் மஞ்சளாகப் படிந்தது. அவன் கிண்ணம் பாதிக்கு வந்திருந்தது. இன்னும் பாதியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டால் வேலை முடிந்தது. முகங்களைத் தொடாமல் முடித்துவிடலாம். ஸ்பூனை நிரப்பினான். கை பாதியில் நின்றது.

காலையில் அந்தக் கட்டிலில் கிடந்து மனதில் பார்த்த ஆள் ஞாபகத்துக்கு வந்தான். குனிந்த தலை. கிண்ணத்துக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன்.

ஸ்பூனை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். வாலுவின் தொண்டையைப் பார்த்தான்.

தொண்டை அசையவில்லை. வாய் மூடியிருந்தது, மென்றது, அடங்கியது. உதடு சுத்தமாக இருந்தது. ஆனால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இன்னும் மேலே பார்த்தான். இடது கன்னம் உப்பியிருந்தது. கொட்டையை ஒதுக்கிய அணில் மாதிரி. கன்னத்துக்கு மேலே இரண்டு கண்கள், சிரிப்பை அடக்கி அடக்கித் தளும்பிக்கொண்டு, அவனையே பார்த்தன.

அப்போது அவன் மனைவி வந்தாள்.

கூப்பிடாமல் வந்தாள். தலையில் கட்டிய பழைய பருத்தித் துணி. ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் இளைத்துப்போன முகம். அதில் இளைக்காத ஒரே இடமாக ஒரு கன்னம், உருண்டு, பளபளவென்று, உள்ளே கஞ்சியை ஒதுக்கி வைத்துக்கொண்டு. கண் அவன் மேல். கிண்ணத்தின் மேல் இல்லை, அவன் மேல். மாட்டிக்கொள்ளப் போகிறோமா இல்லையா என்று பார்க்கிற கண். அவன் கிண்ணத்தைச் சாய்த்து, "பாத்தியா, காலி" என்று நிமிர்கிறான். அதற்குள் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கடைக்கண்ணில் எப்போதோ பட்டிருந்தது. படாமல் வந்திருக்காது. இவ்வளவு நாளும் கிண்ணத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவன் சிரித்தான்.

முதலில் மூச்சு மாதிரிதான் வந்தது. பிறகு சத்தமாக வந்தது. ஸ்பூன் ஆடி உருளைக்கிழங்கு முட்டியில் விழுந்தது. அந்த மாடியில் யாரும் அவன் சிரித்துக் கேட்டதில்லை. திரைகள் சரசரவென்று விலகின. பட்டைக்காரன் முதலில் ஓடி வந்தான். "அண்ணாவுக்கு என்னாச்சு?"

வாலு பயந்துபோய், பக்கவாதத்தை மறந்து எழுந்து உட்கார்ந்தாள். "நான் ஒண்ணும் பண்ணலை சிஸ்டர்!" என்றாள், வாய் நிறையக் கிழங்கோடு.

சிஸ்டர் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவு உள்ளே போச்சு?" என்று கேட்டாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "முதல்ல ரெண்டு வாய் போயிருக்கலாம் சிஸ்டர். நான் பாக்கலை, அதனால தெரியாது. மத்ததெல்லாம் கன்னத்துல இருக்கு." பிறகு வாலுவைப் பார்த்து, "வாயைத் திறம்மா. நாக்கை அந்தப் பக்கம் கொண்டு போ. மெதுவா முழுங்கு. அவசரமில்லை" என்றான். குரல் அவனுக்கே பழையதாக இருந்தது. வீட்டில் இருந்த குரல்.

அவள் விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது. அவன் காத்திருந்தான். பிறகு அடுத்த ஸ்பூன், பாதியளவு. கீழிருந்து. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அது எப்போது தீர்ந்தது என்றும் கவனிக்கவில்லை. ஸ்பூன் அடியில் உரசிய சத்தத்தில்தான் தெரிந்தது.

சிஸ்டர் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "காலி, காலி, காலின்னு கத்துனீங்களே. கிண்ணம் காலியானா வயிறு நிறைஞ்சதுன்னு யார் சொன்னது? போய் உங்க பேஷன்ட் வாயைத் திறந்து பாருங்க."

கட்டில்களில் இருந்த மாணவிகள் ஆளுக்கு ஒரு கன்னத்தைக் காட்டினார்கள். ஊட்டியவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. "இது போங்கு சிஸ்டர்" என்று பட்டைக்காரன் தொடங்கினான்.

"நிஜ நோயாளி சொல்லிட்டா ஒதுக்குவாரு? அரை மணி கழிச்சு அது மூச்சுக்குழாய்க்குள்ள போகும். அப்புறம் நெஞ்சுல சளி, காய்ச்சல். நீ 'முழுக்க சாப்பிட்டார்'னு எழுதி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பே. எல்லாரும் இன்னொரு கிண்ணம்."

அவனைத் தாண்டிப் போகும்போது குரலைத் தாழ்த்தி, "திங்கள்கிழமை வார்டு. வெள்ளை கோட்டுல பட்டன் இருக்கான்னு பாத்துக்கோங்க" என்றாள். அவள் பாராட்டு அவ்வளவுதான்.

*

வீட்டுக்கு நடந்தே போனான். சாயங்கால வெளிச்சத்தில் தெருவில் எல்லாரும் முகத்தோடு நடந்து போனார்கள். பழக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நிற்கிற பெண், ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே சைக்கிள் மிதிக்கிற ஒருவர். அவன் ஒவ்வொரு கன்னமாகப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு பெரியவர் முறைத்தார்.

அத்தை சூப்பு வைத்திருந்தாள். ரொட்டியை வெட்டித் தட்டில் அடுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உப்பு இருக்கா அத்தை?"

"இருக்கு."

"எனக்குத் தெரியலை."

"தெரியுறப்போ சொல்லுங்க" என்றாள். அவன் உண்மையைச் சொன்னதே போதும் என்பது போல.

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள். பிறகு அவன் மேல்மாடியையும் வாலுவையும் பற்றிச் சொன்னான். சொல்லத் தெரியாமல், முன்னும் பின்னுமாகச் சொன்னான். கன்னத்துக்கு வந்ததும் நிறுத்தினான். "அவளும் அப்படித்தான் செஞ்சிருக்கா அத்தை. எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அத்தை ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் பார்த்தான்.

"நீங்க கிண்ணத்தைக் கழுவப் போவீங்க. இந்தப் பக்கம் டிஷ்யூவுல துப்பி என் கையில குடுத்துடுவா. மூச்சு விடாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா. நான் திட்டத்தான் செஞ்சேன். 'ஏண்டி, முடியலைன்னா முடியலைன்னு சொல்லித் தொலையேன், அவரை எதுக்கு ஏமாத்துறே'ன்னு." அத்தை தட்டின் ஓரத்தை விரலால் தடவினாள். "கிண்ணம் காலியானா உங்க முகத்துல ஒண்ணு வருமாமே. 'அம்மா, அவர் முகத்தைப் பாரேன், பரீட்சையில பாஸானவன் மாதிரி'ன்னு சிரிப்பா. அதைப் பாக்கத்தான். வேற ஒண்ணுமில்லை."

சூப்பில் ஆவி போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் காலையில் அத்தை இழுத்த கோடு இன்னும் இருந்தது.

"சின்னதுலேருந்தே அந்தப் புத்திதான்" என்றாள் அத்தை. "ஸ்கூலுக்குப் போற வரைக்கும் கன்னத்துலயே வெச்சுக்கிட்டு இருப்பா. வாசல்ல போய்த் துப்புவா. வலது கன்னம்."

"இடது கன்னம் அத்தை."

"என்ன மாப்பிள்ளை, பெத்தவகிட்டயா? வலது."

"நான் இன்னைக்குப் பாத்தேன் அத்தை. இடது."

"இன்னைக்குப் பாத்தாராம்! நான் அவளை இடுப்புல வெச்சு ஊட்டினவ. அந்தக் கன்னம் என் தோள்ல இடிக்கும். வலதுதான்."

"அது சின்னப் பிள்ளையில. அப்புறம் மாத்தியிருப்பா."

"கன்னத்தை என்ன, சட்டை மாதிரி மாத்திக்கிட்டே இருப்பாங்களா? உங்களுக்குத்தான் எதையும் மாத்தவே தோணாது." அத்தைக்குக் குரல் ஏறியது. சொத்துத் தகராறு மாதிரி இரண்டு பேரும் மேசை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்கள். "இருங்க, காட்டுறேன்."

ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். வலது பக்கம் ஒதுக்கினாள். சரியாக வரவில்லை, முகம் கோணியது. நாக்கால் தள்ளி இடது பக்கம் கொண்டு போனாள். கன்னம் உருண்டு எழுந்தது. வயதான தோல் இழுபட்டு வழுவழுப்பாயிற்று. அதற்கு மேலே கண்கள், சரியா தப்பா என்று அவன் முகத்தையே பார்த்தன.

அவன் ஸ்பூனை வைத்துவிட்டான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்படியே இருங்க அத்தை" என்றான். "கொஞ்ச நேரம் முழுங்காதீங்க."